பட்டறையில் பிறந்த பல்கலைக்கழகம்

வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பில் ஒரு வாடகையில்லா வீட்டில் தொடங்கிய தொழிற்பள்ளி, அரை நூற்றாண்டு போராடி நாட்டின் முன்னணி மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று அந்த ஜாதவ்பூருக்கே நிதி நெருக்கடி. சென்னையும் கவனிக்க வேண்டிய கதை இது.

1906 ஜூலை 25. கல்கத்தாவின் அப்பர் சர்க்குலர் ரோட்டில் பிரபல வழக்கறிஞர் தாரக்நாத் பாலித்துக்குச் சொந்தமான ஒரு வளாகத்தில் 'பெங்கால் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்' திறக்கப்பட்டது. இயந்திர வேலை, மின்வேலை, சாயமேற்றுதல், பீங்கான், சோப்பு தயாரிப்பு என்று கையால் செய்து பழகும் படிப்புகள். அரசு அங்கீகாரம் கிடையாது, மானியம் கிடையாது. அங்கே கிடைக்கும் சான்றிதழைக் காட்டி எந்தக் கச்சேரியிலும் குமாஸ்தா வேலைகூடக் கேட்க முடியாது.

அந்தப் பள்ளிதான் இன்றைய ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் 2024இல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப் பட்டியல் வந்தபோது முதலிடம் நம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் இரண்டாமிடம் ஜாதவ்பூருக்கும் கிடைத்தன. 2025இல் ஜாதவ்பூர் முதலிடத்துக்கு வந்தது, அண்ணா இரண்டாமிடத்துக்குப் போனது. இத்தனைக்கும் ஜாதவ்பூரில் இளநிலைப் பொறியியல் மாணவர் கட்டும் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2,400 ரூபாய். மாதம் 200 ரூபாய்! தனியார் கல்லூரி வாசலில் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிற்கும் எந்தத் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கும் இந்தத் தொகை நம்பமுடியாததாக இருக்கும்.

ஒரு சுற்றறிக்கை மூட்டிய தீ

எல்லாவற்றுக்கும் தொடக்கம் வைஸ்ராய் கர்சன். 1904இல் அவர் கொண்டுவந்த இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்களை அரசின் பிடிக்குள் இறுக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 16 அன்று வங்கம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்நியத் துணிக் கடைகளின் முன்னே மறியல் செய்தார்கள்.

அரசு கல்வியைக் காட்டி மிரட்டியது. தலைமைச் செயலாளர் கார்லைல் பெயரில் வந்த சுற்றறிக்கை, மாணவர்களை அரசியலிலிருந்து விலக்கி வைக்காத பள்ளி கல்லூரிகளுக்கு மானியமும் உதவித்தொகையும் நிறுத்தப்படும் என்றது. ரங்பூரில் சுதேசிக் கூட்டத்தில் கலந்துகொண்ட மாணவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அபராதம் கட்ட மறுத்து, 1905 நவம்பர் 8 அன்று தங்களுக்கென்று ஒரு தேசியப் பள்ளியையே தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் கல்கத்தாவில் ஒரு பொதுக்கூட்டம். சுபோத் சந்திர மல்லிக் என்ற இளம் செல்வந்தர் எழுந்து, தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். கூட்டம் அவரை 'ராஜா' என்று கூப்பிட்டது. எந்த அரசும் கொடுக்காத அந்தப் பட்டம் கடைசிவரை அவர் பெயரோடு நின்றது. கௌரிப்பூர் ஜமீன்தார் பிரஜேந்திர கிஷோர் ராய் சௌத்ரி 5 லட்சம் மதிப்புள்ள சொத்தும், மைமன்சிங்கின் சூர்யகாந்த ஆச்சார்யா இரண்டரை லட்சமும் எழுதிவைத்தார்கள். அன்றைய மதிப்பில் இவை மலைக்க வைக்கும் தொகைகள்.

1906 மார்ச் 11 அன்று தேசியக் கல்விக் கழகம் உருவானது. ராஷ் பிஹாரி கோஷ் அதன் தலைவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தரான குருதாஸ் பானர்ஜியும், 'டான் சொசைட்டி' நடத்திய சதீஷ் சந்திர முகர்ஜியும், ரவீந்திரநாத் தாகூரும் அதில் தோள்கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தாதாபாய் நௌரோஜி தலைமையில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ், சுயராஜ்யம், சுதேசி, பகிஷ்காரம் ஆகியவற்றோடு தேசியக் கல்வியையும் தீர்மானமாக ஏற்றது. இதற்கு இரண்டு மாதம் முன்புதான் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகியிருந்தது. தெற்கே கப்பலை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அதே வேகம், வடக்கே கல்வியை எடுத்துக்கொண்டது.

பங்காளிகள் பிரிந்தார்கள்

தொடக்கத்திலேயே கருத்து வேறுபாடு வந்துவிட்டது. ஒரு தரப்பு, இலக்கியம், அறிவியல், தொழில்நுட்பம் மூன்றும் சேர்ந்த முழுமையான கல்வி வேண்டும், அது முற்றிலும் இந்தியர் கையில் இருக்க வேண்டும் என்றது. பாலித்தும் மருத்துவர் நீல்ரதன் சர்க்காரும் இன்னொரு தரப்பு. பட்டம் கொடுக்கத்தான் கல்கத்தா பல்கலைக்கழகம் இருக்கிறதே, நாட்டில் இல்லாதது தொழிற்கல்வி, அதை மட்டும் செய்வோம் என்றார்கள்.

விளைவு: ஒரே ஆண்டில் இரண்டு அமைப்புகள், இரண்டு நிறுவனங்கள். பாலித் தரப்பு ஜூலையில் தொழிற்பள்ளியைத் திறந்தது. கழகத்தார் ஆகஸ்ட் 15 அன்று பௌபஜார் தெருவில் 'பெங்கால் நேஷனல் காலேஜ்' திறந்தார்கள். அந்தக் கல்லூரியின் முதல் முதல்வர் யார் தெரியுமா? பரோடா சமஸ்தானத்தின் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்த அரவிந்த கோஷ். நான்கு ஆண்டுகள் கழித்து புதுச்சேரிக்கு வந்து, நமக்கு ஸ்ரீ அரவிந்தராக அறிமுகமானவர்.

பேரும் புகழும் கல்லூரிப் பக்கம்தான். தாகூர் அங்கே இலக்கியச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1907இல் 'விஸ்வ சாகித்யம்' என்ற தலைப்பில் உலக இலக்கியத்தை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவர் பேசிய உரை, இந்திய ஒப்பிலக்கியத் துறையின் விதையாக இன்றும் மதிக்கப்படுகிறது.

தொழிற்பள்ளிக்குக் கிடைத்த கௌரவ முதல்வர் பிரமதநாத் போஸ். மயூர்பஞ்ச் மலைகளில் இரும்புத் தாது இருப்பதைக் கண்டறிந்து 1904இல் ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதிய புவியியல் அறிஞர் இவரே. ஜம்ஷெட்பூர் உருக்காலை பிறந்தது அந்தக் கடிதத்தின் தடம்பற்றித்தான். நாட்டின் கனிமம் தெரியும், அதை எடுத்து உருக்க ஆள் இல்லை என்ற குறையை அவரைவிட நன்றாக அறிந்தவர் அப்போது அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

கல்லூரி கரைந்தது, பட்டறை நின்றது

அரவிந்தர் 1907இல் 'வந்தே மாதரம்' வழக்கை ஒட்டிப் பதவி விலகினார். போராட்ட வேகம் தணியத் தணியக் கல்லூரியின் வகுப்பறைகள் காலியாகின. காரணம் எளிது. அரசு ஏற்காத பட்டத்தை வைத்துக்கொண்டு வக்கீலாக முடியாது, அரசு உத்தியோகம் பார்க்க முடியாது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய இளைஞன் எத்தனை நாள் கொள்கைக்காகப் படிப்பான்?

தொழிற்பள்ளியின் நிலை வேறு. கடைசல் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவனிடமும், மோட்டாரைப் பழுதுபார்க்கத் தெரிந்தவனிடமும் ஆலை முதலாளி பட்டம் கேட்கவில்லை, வேலை செய்துகாட்டச் சொன்னான். 1910இல் இரண்டு அமைப்புகளும் இணைந்தபோது, உயர்கல்விக் கனவைச் சுமந்துகொண்டு நடக்கும் பலம் தொழிற்பள்ளியிடம்தான் மிச்சமிருந்தது. வேலை கற்கும் இடமென்று இரண்டாம் தரமாகப் பார்க்கப்பட்ட ஒரு பள்ளி, அறிஞர் பெருமக்கள் கூடிக் கட்டிய கல்லூரியின் லட்சியத்தைக் காப்பாற்றியது. ஜாதவ்பூரின் வரலாற்றில் மிக முக்கியமான உண்மை இதுவே.

காவல்துறையின் கண் தொழிற்பள்ளியின்மேல் இருந்தது என்றால் வியப்பில்லை. அங்கே படித்தவர்களில் நரேந்திரநாத் பட்டாச்சார்யா என்ற இளைஞரும் ஒருவர். பின்னாளில் எம்.என். ராய் என்ற பெயரில் மெக்சிகோவில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கி, மாஸ்கோவில் லெனினோடு விவாதித்தவர்.

1912இல் அடுத்த அடி விழுந்தது. பாலித் தன் சொத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு அறிவியல் கல்லூரி கட்ட எழுதிக் கொடுத்தார். தொழிற்பள்ளி மூட்டை கட்டிக்கொண்டு மாணிக்தலாவுக்குப் போக வேண்டியதாயிற்று. வீடு இழந்தது பள்ளிக்கு நஷ்டம்தான், ஆனால் நாட்டுக்கு அந்தக் கொடையால் இன்னொரு வரவு கிடைத்தது. பாலித் பெயரில் உருவான இயற்பியல் பேராசிரியர் இருக்கையில் 1917இல் வந்து அமர்ந்தவர், திருச்சி மண்ணில் பிறந்த சி.வி. ராமன்.

ஜாதவ்பூருக்கு வந்த பள்ளி

ராஷ் பிஹாரி கோஷ் 1921இல் மறைந்தபோது தன் செல்வத்தில் பெரும்பகுதியைத் தேசியக் கல்விக் கழகத்துக்கு உயில் எழுதியிருந்தார். கல்கத்தா மாநகராட்சியிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், அன்று நகரத்துக்கு வெளியே கிடந்த ஜாதவ்பூரில், நிரந்தர வளாகம் எழுந்தது. முதன்மைக் கட்டடத்துக்கு அரவிந்த பவன் என்று பெயர். துணைவேந்தர் அலுவலகம் இன்றும் அங்கேதான் இயங்குகிறது.

அதே 1921இல் இந்தியாவிலேயே முதன்முதலாக வேதிப்பொறியியல் படிப்பு இங்கே தொடங்கியது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய ஹீராலால் ராய் அதை வளர்த்தெடுத்தார். சென்னையில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி வருவதற்கு 20 ஆண்டுகளுக்கும் முன்பு நடந்தது இது. 1947இல் இந்திய வேதிப்பொறியாளர் கழகத்தை உருவாக்கியவரும் ஹீராலால் ராய்தான். அதன் தலைமையகம் இன்றும் ஜாதவ்பூர் வளாகத்துக்குள், அவர் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் இருக்கிறது.

1928இல் பள்ளி, 'காலேஜ் ஆஃப் இன்ஜினீயரிங் அண்ட் டெக்னாலஜி, பெங்கால்' ஆனது. வளாகத்தைச் சுற்றி ஆலைகள் முளைத்தன. சுதேசி மின்விளக்கு செய்த 'பெங்கால் லாம்ப்', காந்தியவாதிகள் விரும்பிய சுதேசி மை தயாரித்த 'சுலேகா' இரண்டும் அந்த வட்டாரத்தின் அடையாளங்கள். பெங்கால் லாம்ப் ஆலை மூடப்பட்டுப் பல காலம் ஆகிறது. பேருந்து நடத்துனர்கள் மட்டும் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நிறுத்தம் அறிவிக்கிறார்கள்.

1947இல் நாடு பிளந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த லட்சக்கணக்கான அகதிகளில் பெரும் கூட்டம் தென் கல்கத்தாவில் தங்கியது. ஜாதவ்பூரை ஒட்டிய பிஜய்கர், ஆசாத்கர் போன்ற குடியிருப்புகள் அவர்கள் தங்கள் கையால் எழுப்பியவை. நிலமும் வீடும் போன குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு ஒன்றே மூலதனம். பக்கத்திலேயே குறைந்த செலவில் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது எத்தனை குடும்பங்களைக் கரையேற்றியிருக்கும்!

அரை நூற்றாண்டு கழித்து

தேசியக் கல்விக் கழகத்தின் தலைவராக இருந்த மருத்துவர் பிதான் சந்திர ராய், சுதந்திர இந்தியாவில் மேற்கு வங்க முதலமைச்சரானார். அவர் காலத்தில், 1955 டிசம்பர் 24 அன்று, மாநிலச் சட்டத்தின்படி ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது. அதை நடத்தும் பொறுப்பு, கல்லூரியை ஏற்கெனவே வழிநடத்திவந்த திரிகுணா சென்னிடம் வந்தது. பிற்காலத்தில் கல்கத்தா மேயராகவும் மத்தியக் கல்வி அமைச்சராகவும் இருந்த அவர், பொறியியலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1906இல் பிரிந்துபோன பாதிகளை ஒன்றாகச் சேர்த்தார். பொறியியல், கலை, அறிவியல் என்று மூன்று புலங்கள் அமைந்தன.

அவர் துணிந்து இளைஞர்களை அழைத்தார். 1956இல் பொருளியல் துறையைத் தொடங்கும் பொறுப்பை, கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தார்கள். அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை. சின்னப் பையனைத் துறைத் தலைவராக்குவதா என்று கல்கத்தாவில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் பையன் அமர்த்தியா சென். 1998இல் நோபல் பரிசு பெற்றபோது எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அந்த எதிர்ப்பைப் பற்றி அவரே குறிப்பிட்டிருக்கிறார், அது நியாயமான எதிர்ப்புத்தான் என்றும் சேர்த்து.

அதே ஆண்டு கவிஞர் புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அந்தப் பாடத்துக்கென்று அமைந்த முதல் துறை அது. கவிஞர் சுதீந்திரநாத் தத்தா அங்கே பாடம் நடத்தினார். எழுத்தாளர் நவநீதா தேவ சென் தொடக்ககால மாணவி. தாகூர் 1907இல் பேசியது, ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நிறுவனத்தின் வாரிசில் ஒரு துறையாக உருவெடுத்தது.

கணினியும் கிணற்று நீரும்

பட்டறைப் பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. 1960களில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூரும் சேர்ந்து ஒரு கணினியை வடிவமைத்துக் கட்டின. ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்று பெயர். டிரான்சிஸ்டரால் இயங்கிய அந்த இயந்திரம் 1966இல் பயன்பாட்டுக்கு வந்தது. கணினி என்றால் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி என்றிருந்த காலத்தில், கல்கத்தாவின் இரண்டு நிறுவனங்கள் தாங்களே செய்து இயக்கிக் காட்டின.

இன்னொரு பணி அதைவிடப் பெரியது. ஆயிரக்கணக்கான உயிர்களோடு தொடர்புடையது. 1980களின் இறுதியில் ஜாதவ்பூரின் வேதியியல் அறிஞர் திபங்கர் சக்கரவர்த்தி, மேற்கு வங்கக் கிராமங்களில் மக்களின் கையிலும் காலிலும் வரும் தோல் தடிப்புகளை ஆராயத் தொடங்கினார். அவற்றின் காரணம் அதிர்ச்சியானது: அடிகுழாய்களில் வரும் தண்ணீரில் ஆர்சனிக்.

குளத்து நீரால் காலரா வருகிறதென்று, அதற்குப் பாதுகாப்பான மாற்றாகப் போடப்பட்ட அடிகுழாய்களிலேயே நஞ்சு இருந்தது. இயற்கையாகவே கங்கைச் சமவெளியின் வண்டலில் உள்ள ஆர்சனிக் அந்த நீரில் கரைந்து வந்தது. தோலில் தொடங்கும் பாதிப்பு, ஆண்டுக்கணக்கில் குடித்தால் புற்றுநோய்வரை போகும். சக்கரவர்த்தியும் ஜாதவ்பூரின் சுற்றுச்சூழல் ஆய்வு மாணவர்களும் ஊர் ஊராகப் போய்த் தண்ணீரையும், மக்களின் முடி, நகம், சிறுநீர் மாதிரிகளையும் சேகரித்துச் சோதித்தார்கள். 1995இல் கல்கத்தாவில் சர்வதேச மாநாடு கூட்டி உலகின் கவனத்தைத் திருப்பினார்கள். வங்கதேசத்திலும் பீகாரிலும் இதே ஆபத்து இருப்பதை வெளிக்கொண்டு வந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2018இல் அவர் மறையும்வரை இந்தப் பணி தொடர்ந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் மக்களுக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

கலைப்புலமும் சளைக்கவில்லை. தாகூரின் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் 'பிசித்ரா' இணையத் தொகுப்பை 2013இல் உலகுக்கு இலவசமாகத் திறந்துவைத்தது ஜாதவ்பூர். இங்கே பொருளியல் படித்த ரிதுபர்ணோ கோஷ், தேசிய விருதுகள் வாங்கிய திரைப்பட இயக்குநரானார்.

மறைக்கக் கூடாத காயங்கள்

போராட்டத்தில் பிறந்த இடம் என்பதால் அமைதி என்பது ஜாதவ்பூருக்கு எளிதில் வாய்த்ததில்லை. நக்சல் எழுச்சி உச்சத்தில் இருந்த 1970 டிசம்பர் 30 அன்று, துணைவேந்தர் கோபால் சந்திர சென் வளாகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். மறுநாள் அவர் ஓய்வு பெற வேண்டியவர். 2014இல் வளாகத்துக்குள் நள்ளிரவில் போலீஸ் நுழைந்து மாணவர்களைத் தாக்கியதை எதிர்த்து எழுந்த 'ஹோக் கலரவ்' போராட்டம் கல்கத்தா தெருக்களை நிரப்பியது.

2023 ஆகஸ்டில் நடந்தது எல்லாவற்றையும்விடக் கொடுமை. விடுதிக்கு வந்து சில நாட்களே ஆன முதலாண்டு மாணவர் ஒருவர், ராகிங்குக்கு ஆளாகி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். சுதந்திரச் சிந்தனைக்குப் பேர்போன வளாகம், கிராமத்திலிருந்து நம்பி வந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்றத் தவறியது. எந்தத் தரவரிசையும் அந்தக் குற்றத்தை மூடிமறைக்காது.

நிர்வாகமும் தள்ளாடியது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் 2023 முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஜாதவ்பூரில் முழுநேரத் துணைவேந்தர் இருக்கவில்லை. மேற்கு வங்கத்தின் துணைவேந்தர் நியமனச் சிக்கலைத் தீர்க்க உச்ச நீதிமன்றமே 2024இல் முன்னாள் தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையில் குழு அமைக்க வேண்டிவந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

சென்னைக்கும் ஜாதவ்பூருக்கும் ஒரே கேள்வி

அண்ணா பல்கலைக்கழகத்தின் மூத்த உறுப்பான கிண்டிப் பொறியியல் கல்லூரியும் சின்னஞ்சிறு பள்ளியாகத்தான் பிறந்தது. 1794இல் 8 மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி அது. நிலத்தை அளந்து வரி போட ஆள் வேண்டுமென்று கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது கிண்டி. அந்த அரசின் கல்வியே வேண்டாம் என்று மக்கள் தொடங்கியது ஜாதவ்பூர். எதிரெதிர்த் திசையிலிருந்து வந்த இரண்டும் இன்று ஒரே இடத்தில் நிற்கின்றன.

மத்திய அரசின் 'சீர்மிகு நிறுவனம்' திட்டத்தில் அரசு நிறுவனம் ஒன்றுக்கு 1,000 கோடி ரூபாய்வரை நிதி உண்டு. வல்லுநர் குழு பரிந்துரைத்த பட்டியலில் அண்ணா, ஜாதவ்பூர் இரண்டும் இருந்தன. மாநிலப் பல்கலைக்கழகங்கள் என்பதால் மாநில அரசும் தன் பங்கை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. இட ஒதுக்கீட்டுக்கு ஆபத்து வரும் என்ற அச்சத்தில் தமிழ்நாடு 2020இல் அந்தத் தகுதியே வேண்டாம் என்றது. மேற்கு வங்கம் பணப் பொறுப்பை ஏற்க முன்வரவில்லை. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தகுதி கிடைக்கவில்லை.

2022இல் ஜாதவ்பூர் துணைவேந்தர், உலகெங்கும் உள்ள முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்டு எழுதினார். ஆய்வகக் கருவிகளைப் பராமரிக்கவே பணம் போதவில்லை என்பது நிலைமை. 1906இல் அந்நிய அரசு தராத பணத்துக்காக மக்களிடம் கையேந்தினார்கள், அதில் பெருமை இருந்தது. சொந்த அரசுகள் இரண்டு இருக்கும்போது 2022இல் கையேந்த வேண்டிவந்தது வெட்கக்கேடு.

கட்டணத்தை உயர்த்தினால் தீர்ந்துவிடும் என்பார் உண்டு. 2,400 ரூபாய் என்ற தொகை ஒரு பழைய ஏற்பாட்டின் மிச்சமல்ல, அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர்நாடி. அகதிக் குடியிருப்பிலிருந்தும் சுந்தரவனக் கிராமத்திலிருந்தும் வரும் மாணவர் நாட்டின் முதல் தர வகுப்பறையில் உட்கார முடிவது அதனால்தான். அதே காரணத்தால்தான் அரசின் பங்கு கூட வேண்டும். ஆராய்ச்சிக்கும், காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களுக்கும், விடுதிப் பாதுகாப்புக்கும் மத்திய அரசும் மாநில அரசும் ஆண்டுதோறும் உறுதியான தொகையை ஒதுக்க வேண்டும். துணைவேந்தர் நியமனம் அரசியல் மோதலுக்குப் பணயமாகக் கூடாது. கல்கத்தாவுக்குப் பொருந்தும் இந்தக் கோரிக்கை, எழுத்து மாறாமல் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் பொருந்தும். தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம், உங்கள் ஊர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள்.